இன்னும் கொஞ்சம் கீழே

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குத் தன் உயரம் பிடிக்கவில்லை. பட்டறைக்குப் போய் ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைக் குறைத்துக்கொண்டது. அப்புறம் எந்த வளைவிலும் அது சாயவில்லை.

"ரோட்டை எப்படிப் பிடிக்கிறேன் பார்த்தியா!" என்றது.

"எனக்கு உடம்பு ரோட்டுல உரசுது அண்ணே," என்றது திருஷ்டிக்காக முன்னால் கட்டித் தொங்கவிட்டிருந்த எலுமிச்சம்பழம். "ரோட்டுக்கு அடியில யாரோ கூப்பிடுறாங்க. பூஜையன்னைக்கு உங்க டயர்ல நசுங்கினானே என் தம்பி, அவன் குரல்."

"என்னவாம்?"

"இன்னும் கொஞ்சம் கீழே வரச் சொல்றான்."

கார் சிரித்துக்கொண்டே பட்டறைக்குத் திரும்பியது, இன்னும் தாழ்ந்தது. அடுத்த வேகத்தடையில் அதன் அடிவயிறு கிழிந்தது. பழம் நசுங்கிப்போய்க் கயிறு மட்டும் ஆடியது.

ஆயில் ஒழுக நின்ற காருக்கு, இப்போது ரோட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. பழகிய குரல்தான்.

"இன்னும் கொஞ்சம் கீழே வாங்கண்ணே."