ஏழாவது விமானம்

"செத்தவருக்கே நன்றி சொல்லுறதோ? பிள்ளை, இருபத்தைஞ்சு வருசமா நினைவு மலர் அடிக்கிறன். இப்பிடி ஒண்டை நான் காணேல்லை!"

டூட்டிங்கில் அச்சகம் நடத்தும் கொட்வின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எதிரே நின்ற ஜதுர்ஷிகா அசையவில்லை. ஜேர்மனியில் பிறந்து வளர்ந்தவள். நாலு வருடத்துக்கு முன்தான் பக்கத்திலுள்ள கோலியர்ஸ் வுட்டுக்குக் குடிவந்தாள்.

'நன்றி நவிலல்' என்றால் செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கும், மலர்வளையம் அனுப்பியவர்களுக்கும், சமைத்துக் கொடுத்தவர்களுக்கும் குடும்பத்தார் சொல்வது. இது ஊர் உலகத்துக்கே தெரியும். இவளோ கடைசிப் பக்கத்தில், 'ஆர்தர் ஐயா, உங்களுக்கு எங்கள் நன்றி' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"நாளைக்கு முப்பத்தோராம் நாள், அங்கிள். அவற்றை படத்துக்கு முன்னாலை வைக்கவேணும். இண்டைக்கே அடிச்சுத் தாங்கோ."

"வெள்ளைக்காரனுக்குத் தமிழிலை மலர்! ஆர் வாசிக்கிறது?"

"இங்கிலீசிலை அவற்றை விமானப்படைச் சங்கம் அடிச்சிட்டுது. இது எங்கடை முறைக்கு. எனக்கு மனசார நன்றி சொல்லத் தமிழிலைதான் வரும்."

கொட்வின் படத்தைப் பார்த்தார். சண்டை விமானத்தின் இறக்கையில் சாய்ந்து நிற்கும் இளைஞன். போன மாதம் நூற்றிரண்டு வயதில் நோர்பரியில் காலமானவர். கொட்வினின் முகம் இறுகிப்போனது.

"பிளேன் ஓட்டினவரோ? நாங்கள் ஊரிலை குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடந்து வளந்தனாங்கள். மேலை இரைச்சல் கேட்டா நான் இப்பவும் மேசைக்குக் கீழை குனிஞ்சிடுவன். என்னாலை ஏலாது. வேற இடம் பாரும்."

"ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, அங்கிள். பிறகு ஏலாதெண்டா நான் போறன்."

சரி, இவ்வளவு கெஞ்சுகிறாளே என்று வாசித்தார். உலகப் போரில் ஏழு எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியவர், அரசர் கையால் பதக்கம் வாங்கியவர். அவ்வளவும் இரண்டே வரியில் முடிந்துவிட்டது. ஏழாவது விமானத்துக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். எரிகிற விமானத்திலிருந்து குதித்தவன் பாரசூட்டில் தொங்கினான். ஆர்தர் அவனை ஒரு சுற்றுச் சுற்றினார். சுடவில்லை. கையை அசைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

கொட்வின் அந்தப் பக்கத்தை இன்னொருமுறை வாசித்தார்.

"சுட்டிருக்கலாம், என்ன?"

"ஓம். சுட்டிருந்தாலும் ஆரும் கேட்டிருக்க மாட்டினம்."

"எங்களுக்கு மேலை பறந்தவன் ஒருத்தனும் அப்பிடித் திரும்பிப் போகேல்லை, பிள்ளை." அவர் தாளிலிருந்து நிமிர்ந்தார். "இது மெய்தானோ? கிழவர் அளந்து விட்டாரோ?"

"ஐயோ, அவர் சண்டையைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கிட்ட இருந்து பாத்தவர் ஒருத்தர் எழுதி வைச்சவர்."

கொட்வின் கதிரையை இழுத்துக் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். யாரென்றே தெரியாத அந்த மனிதரை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

"நல்ல மனுசன். பின்னேரம் அஞ்சு மணிக்கு வாரும், தாறன். நீர் அவரைப் பராமரிச்ச கேயரர் போலை?"

"ஞாயிறிலை போவன். றோல்ஸ் கொண்டுபோனா, உறைப்பு எண்டு கண்ணாலை தண்ணி வடிய வடிய ரெண்டு சாப்பிடுவார்."

கொட்வின் சிரித்தார். "சரி, நன்றிக்குக் கீழை ஆற்றை பேரைப் போட?"

அவள் ஒரு தாளை நீட்டினாள். மார்ட்டின், ஊர்சுலா, அனெற்றே, ஸ்ரெபான் என்று பத்தொன்பது பெயர்கள். கடைசி இரண்டும் ஜதுர்ஷிகா, நிலா.

"அட, நீரும் இதுக்குள்ளையோ! அவற்றை பேரனைக் கட்டினனீர் எண்டு முதல்லையே சொல்லியிருக்கலாமே. எவ்வளவு பெரிய குடும்பம்! குடுத்து வைச்ச மனுசன்."

"அவர் கலியாணமே கட்டேல்லை, அங்கிள்."

கொட்வினின் விரல்கள் அப்படியே நின்றன.

"அப்ப இவையெல்லாம் ஆர்?"

"அண்டைக்குப் பாரசூட்டிலை இறங்கினவற்றை பிள்ளையளும் பேரப்பிள்ளையளும்" என்ற ஜதுர்ஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவற்றை பேரனைத்தான் நான் கட்டினனான். கடைசிப் பேர் என்ரை மகள்."