கோணல் தென்னை

"இறங்குங்க, இறங்குங்க. இதுதான் என் அரண்மனை," என்று சொல்லிக்கொண்டே கிளீட்டஸ் வேனை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார்.

அரண்மனை என்பது தகரக் கூரை போட்ட இரண்டு அறை மரவீடு. தீவின் சுற்றுலாக் கப்பல்துறையில் வேனில் ஏறிய ஏழு பேரும் சிரித்தபடி இறங்கினார்கள். வெந்நீர் ஊற்றும் வாழைத் தோட்டமும் பார்த்தாயிற்று. மூன்று மணி நேரச் சுற்றுலாவில் இந்தக் கடற்கரைதான் கடைசி.

வாசலில் அவர் மனைவி மார்வா தேங்காய் மிட்டாய்த் தட்டோடு நின்றாள். பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு அம்மாள் அவளிடம், "இங்க நிஜமாவே ஆள் குடியிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"பின்ன நாங்க என்ன ஆவியா?" என்றாள் மார்வா. அப்படியே புருஷன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "சாமானெல்லாம் பாதி கட்டிட்டேன். உன் வாய்ச்சவடால் இந்த வீட்டைக் காப்பாத்தாதுய்யா."

"வந்தவங்க முன்னாடி ஆரம்பிக்காத."

மணலில் வரிசையாக அடித்திருந்த சிவப்பு முளைகளைக் காட்டி ஒரு பெரியவர், "இது என்னப்பா?" என்றார்.

"கிரிக்கெட் ஸ்டம்பு சார். பேட்டும் பந்தும்தான் இன்னும் வரலை."

எல்லோரும் சிரித்தார்கள். கிளீட்டஸ் மட்டும் முளைகளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். அவை ஓட்டல் கம்பெனிக்காரர்கள் அளந்து அடித்த முளைகள்.

தாத்தா விட்டுப்போன நிலம். பாகம் பிரிக்காமல் பதினோரு பேரப்பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது. ஆறு பேர் கையெழுத்துப் போட்டால் மொத்தமும் கம்பெனிக்குப் போய்விடும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஐந்து பேர் போட்டாயிற்று. கிளீட்டஸோடு சேர்ந்து ஐந்து பேர் முடியாது என்கிறார்கள். மீதி ஒருத்தி, பெரியப்பா மகள் லாலி. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கனடா போனவள், போனவள்தான். கடுதாசி இல்லை, தகவல் இல்லை. அவளைத் தேடச் சொல்லிக் கம்பெனி ஆள் வைத்திருக்கிறதாம்.

சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கரையோரம் அடர்ந்து நின்ற மரத்தடிக்கு ஓடியது.

"அங்க வேணாம், வெளிய வாங்க," என்று கத்திக்கொண்டே கிளீட்டஸ் பின்னால் ஓடினார். "அது மஞ்சினீல் மரம். மழைத்தண்ணி அதோட பாலைக் கரைச்சு மேல விட்டா, தோல் கொப்பளிச்சுப் போயிடும். இந்த ஊர்ல பொறந்த குழந்தைகூட அதுக்குக் கீழ நிக்காது."

ஆறு பேரை இழுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து சேர்வதற்குள் அவரும் தொப்பலாக நனைந்துவிட்டார். தொப்பிக்கார அம்மாள் மட்டும் முன்பே அங்கே வந்து நின்றிருந்தாள். தொப்பி கெட்டுவிடுமே என்ற கவலை போலும்.

மழை விட்டதும் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆறு தென்னைகளைக் காட்டினார். இதைக் காட்டாமல் அவர் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

"எங்க பக்கம் குழந்தை பொறந்தா தொப்புள்கொடியைப் புதைச்சு, அது மேல மரம் நடுவாங்க. இது என்னோடது. இந்த நாலும் என் தம்பி தங்கச்சிங்களோடது. கடல் பக்கமா சாய்ஞ்சு நிக்குதே, அந்தக் கோணல் தென்னை லாலியோடது. அவளை மாதிரியே எப்ப ஓடிப்போகலாம்னு பாத்துக்கிட்டே வளந்த மரம்."

கேமராக்கள் கோணல் தென்னையைப் படம் பிடித்தன. பேச்சோடு பேச்சாக நிலத்தின் கதையையும் அவர் சொல்லிவிட்டார். மனசு கனத்துக் கிடந்தால் வாய் நிற்குமா?

"அந்த லாலி கையெழுத்துப் போட்டுட்டா?" என்று கேட்டாள் தொப்பிக்கார அம்மாள்.

"போடமாட்டாம்மா. போட்ட அஞ்சு பேரும் டவுன் ஆஸ்பத்திரியில பொறந்தவங்க, அவங்களுக்கு இது வெறும் மணல். மரம் இருக்கிற ஒருத்தர்கூடப் போடலை. தன் தொப்புள்கொடி கிடக்கிற மண்ணை எவளாவது விப்பாளா?"

மார்வாவுக்கும் கேட்கட்டும் என்று உரக்கத்தான் சொன்னார். உள்ளிருந்து அவள் பாத்திரங்களைச் சாக்கில் போடும் சத்தம்தான் வந்தது. அந்தச் சத்தத்தில் அவருக்கே தன் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது.

லாலி நிச்சயம் போடமாட்டாள் என்று மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். அடி விழப்போகிறது என்றால் பக்கவாட்டில் நழுவுவார் என்று சின்ன வயசில் அவருக்கு நண்டு என்று பெயர் வைத்தவளே அவள்தான். அவளைத் தவிர யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. மார்வாவுக்குக்கூட அந்தப் பெயர் தெரியாது.

தூரத்தில் கப்பல் சங்கு ஊதியது. அடித்துப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வேனில் ஏறினார்கள். தொப்பிக்கார அம்மாள் மட்டும் கோணல் தென்னையில் கை வைத்தபடி நின்றுவிட்டாள்.

"அம்மா, சீக்கிரம் வாங்க. கப்பல் விட்டுட்டுப் போயிடும்."

"நான் கப்பல்ல வரலை. முந்தாநாள் விமானத்துல வந்தேன்."

தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றினாள். கண்கள் அழுது சிவந்திருந்தன.

"இங்க இப்ப யாருமே குடியில்லைன்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க," என்றாள். மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன், நண்டு."