விமானி மாப்பிள்ளை

"ஒரு தடவகூடப் பறந்ததில்லையா?" நிச்சயத்துக்கு வந்த பெண்ணின் அப்பா ஏகாம்பரம் போட்ட சத்தத்தில், முத்துத்தீவு நாட்டுக் கடற்படை விமானத் தளத்தின் குடியிருப்பே வாசலுக்கு வந்துவிட்டது.

"இங்க யாருமே பறந்ததில்ல மாமா," என்றான் மாப்பிள்ளை பரஞ்சோதி.

பொய்யில்லை. நாட்டுக்கு இருந்தது ஒரே விமானம். அதுவும் எஞ்சின் இல்லாமல் செங்கல்மேல் நின்றது. அங்கிருந்த மூன்று விமானிப் பயிற்சிப் பள்ளிகளிலும் கைகளை இறக்கைபோல விரித்து ஓடுபாதையில் ஓடித்தான் விமானி ஆனார்கள்.

"வளைஞ்சு திரும்புறதுல நான்தான் ஃபர்ஸ்ட்," என்று மணப்பெண் கோதையைப் பார்த்தான். அவளாவது நம்புவாள் என்று நினைத்தான், பாவம். அவள் சிரித்துவிட்டாள். நிச்சயம் அதோடு முறிந்தது.

கோதையை வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் ஏறிய அந்நாட்டு விமானம் தளத்துக்கு மேலாகத்தான் போயிற்று. மாணவர்கள் ஜன்னலுக்கு ஓட, அங்கேயே வாத்தியாராகிவிட்ட பரஞ்சோதி மட்டும் கரும்பலகையில் மேகம் வரைந்துகொண்டிருந்தானாம்.