எட்டடிக் கோடு

காருக்காக முற்றம் முழுக்க சிமெண்ட் பூசிவிட்டு, சுவரோரம் ஒரு சாண் குழியை மட்டும் விட்டிருந்தார் சிதம்பரநாதன். "மரம் மரம்னு கேட்டியே, இந்தா வச்சுக்க."

தையல்நாயகி நெல்லிக்கன்றோடு நின்றாள். நெல்லி சுற்றிலும் எட்டடிக்குக் கிளை விரிக்கும் என்று நர்சரிக்காரர் சொன்னதை இந்த மனுஷனிடம் எத்தனை முறை படித்துப் படித்துச் சொல்லியிருப்பாள்! இனி வாயைத் திறப்பதாக இல்லை. குழியில் குச்சியை நட்டு, எட்டடிக் கயிற்றைக் கட்டி இழுத்துப் பிடித்து, கோலமாவால் வளைத்துக் கோடு போட்டாள். கோடு கார் பானட்டின் மேல் ஏறி இறங்கி, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் போய்ச் சுவரைத் தொட்டது.

"அடியே, என்னடி இது?"

"நெல்லிக்கு வேண்டிய இடம். முதல்ல நீங்க எந்திரிங்க. அப்புறம் காரை எடுக்கலாம்."