பட்டியைத் தளர்த்தினது ஆர்?

"திறப்பைத் தாரும்!"

"தரமாட்டன்."

"ஐசே, வான் திறப்பைத் தாரும் எண்டுறன்!"

லாச்சப்பல் றோட்டுக்கு நடுவில வானை விட்டுக் குதிச்சிட்டான் லவன். பின்னால பஸ் ஒண்டு ஹோர்ன் அடிச்சபடி நிக்குது. மரக்கறிக்கடை வாமதேவன் திறப்பைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு அசையிறாரில்லை.

வானுக்குப் பின்னால, பழுதான கார் இழுக்கிற ரெண்டு சில்லு டொலி. முன் சில்லு ரெண்டையும் அதில தூக்கி வைச்சுப் பட்டியால கட்டி, மூக்கை நிமித்திக்கொண்டு அக்கா தர்மிளான்ர பழுதாப்போன கார். டொலி எபினேயில வாடகைக்கு எடுத்தது. கராஜும் அங்கைதான். மத்தியானம் பூட்ட முதல் போய்ச் சேரோணும். திங்கள் விடிய, முதல் றெயினுக்கும் முந்தி, தர்மிளா ஆர்ஜொந்தெயில துப்பரவு வேலைக்கு நிக்கோணும். கார் இல்லையெண்டா வேலையும் இல்லை.

"என்ர கடை வாசல்ல செத்த காரை விட்டிருக்கிறியள், எடுங்கோ, எடுங்கோ" எண்டு இவ்வளவு நாளும் கத்தினதும் இதே வாமதேவன்தான். எடுக்க வெளிக்கிட்டா? வான் நகர்ந்து, ஆரோ குறுக்க வர லவன் ஒரு பிறேக் அடிச்சான். அவ்வளவுதான். மனுசன் ஓடியந்து முன்னால நிண்டு, ஜன்னலுக்குள்ளால கையை விட்டுத் திறப்பை உருவிப்போட்டார்!

"உமக்கென்ன விசரே? எடு எண்டுறீர், எடுத்தா விடமாட்டன் எண்டுறீர்!"

"பட்டியைப் பார் தம்பி."

"பட்டிக்கென்ன? நானே சில்லைச் சுத்தி இறுக்கினது. சங்கிலி கொழுவியிருக்கு, லைற் எரியுது, ஹான்ட்பிறேக் இறக்கியிருக்கு. எத்தினை வீடியோ பாத்துச் செய்தனான் தெரியுமே? நீர் போய்க் கத்தரிக்காயை நிறும்!"

சனம் கூடிட்டுது. ஆரோ ஃபோனைத் தூக்கிப் படம் எடுக்கிறாங்கள். மேல்மாடி ஜன்னலுக்கால ஒரு பிரெஞ்சு மனுசியும் தன்ர பங்குக்குப் பேசுது.

வானுக்குள்ளை இருந்து தர்மிளா இறங்கினாள். "தம்பி, ஒருக்காப் பாரன்..."

"நீ வாயைப் பொத்து! காருக்குக் கிட்டவே வரவேண்டாம் எண்டு காலமையே சொன்னனான் எல்லோ? நீ கை வைச்ச ஒண்டாவது உருப்பட்டிருக்கே? போய் இரு!"

அவன்ர சத்தம் பஸ் ஹோர்னையும் மீறிக் கேட்டுது. அவள் அப்பிடியே நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள்.

வாமதேவன் அவளை ஒருக்காப் பாத்தார். பிறகு விறுவிறெண்டு டொலியடிக்குப் போய்க் குனிஞ்சு, சில்லடியில கையை விட்டார். சுத்திப்போய் அங்காலச் சில்லடியிலயும் விட்டார்.

"ஓய்! கையை எடும்!"

லவன் ஓடிப்போய்ப் பாத்தான். பட்டி தொய்ஞ்சு கிடக்கு! விரலால இழுக்க வருது. ரெண்டு பக்கமும். கல்லு மாதிரி இறுக்கின பட்டி!

"கையும் களவுமாப் பிடிச்சிட்டன்! எல்லாரும் பாருங்கோ, பட்டியைத் தளர்த்திப்போட்டார்! நான் பாக்காமல் ஓடியிருந்தா? கார் கழண்டு ஆரின்ரையும் பிள்ளைக்கு மேல ஏறியிருந்தா? வாசல்ல கார் நிண்டதுக்கு ஆளைக் கொல்லுவீரோ? சொல்லும், நீர்தானே?"

வாமதேவன்ர வலக்கை பொத்தினபடியே இருந்துது.

"ஓம். நான்தான்."

"கேட்டியளே!"

"அண்ணை, உங்களுக்கு வெக்கமில்லையோ?" எண்டு சனத்துக்குள்ள இருந்து ஒரு குரல் வந்துது.

"இப்ப திருப்பி இறுக்கு," எண்டார் வாமதேவன். "கொஞ்சத் தூரம் போய் நிப்பாட்டி இன்னொருக்காப் பார். டொலி தந்தவன் சொல்லியிருப்பானே. இந்தா திறப்பு," எண்டு இடக்கையால நீட்டினார்.

திறப்பைப் பறிச்சுக்கொண்டு லவன் பேசின பேச்சை இஞ்சை எழுத ஏலாது. மனுசன் கடைக்குள்ள போயிட்டார்.

பட்டி ரெண்டையும் திருப்பி இறுக்கினாப்பிறகு வான் வெளிக்கிட்டுது. லவன்ர வாய் ஓயேல்லை.

"இனி அந்தாளின்ர கடைப்படி மிதிச்சுப் பார், தெரியும்!"

தர்மிளா பக்கக் கண்ணாடியில டொலியையே பாத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சத் தூரத்தில ஓரமா நிப்பாட்டினான். வாமதேவன் சொன்னதுக்காக இல்லை, டொலி தந்த வின்சன்றும் அதைத்தான் சொன்னவன். பட்டி ரெண்டும் நல்ல இறுக்கம்.

ஆனா ரயருக்கு முன்னால, சில்லு குந்தியிருக்கிற தட்டில, ஏதோ ஈரம். சின்ன விதை ஒண்டும் ஒட்டிக்கிடக்கு. விரலால தொட்டு மோந்து பாத்தான், புளிப்பு மணம்.

தேசிக்காய்.

"அக்கா... இதென்ன?"

"நீ பட்டி எடுக்க வானுக்குப் போன நேரம், நான்தான் சில்லுக்கு முன்னால ஒவ்வொண்டு செருகினனான். வெளிக்கிடேக்கை நசிக்கிறதுதானே? கார் நல்லாகி வரோணும் எண்டு... அவற்ற கடையிலதான் கேட்டனான். கும்பிட்டிட்டு வையுங்கோ பிள்ளை எண்டு சும்மா தந்தவர்."

தேசிக்காயையும் சேத்தெல்லோ பட்டியை இறுக்கியிருக்கிறான்! முதல் பிறேக்கோடை அது நசிய, சில்லு முன்னுக்குப் போய்ப் பட்டி தொய்ஞ்சிட்டுது. மனுசன் கைக்குள்ள பொத்தி வைச்சிருந்தது நசிஞ்ச தோல்.

"அப்ப ஏன் தான்தான் எண்டு சொன்னவர்? உள்ளதைச் சொல்லியிருக்கலாமே, விசர் மனுசன்! ஏன் சொல்லேல்லை?"

தர்மிளா அவனை நிமிர்ந்து பாத்தாள்.

"நீ என்னோடை எப்பிடிக் கதைப்பாய் எண்டு அந்த றோட்டில எல்லாருக்கும் தெரியும், தம்பி."