ஒரு கிளைக்கு மட்டும் உத்தரவு

“சாரி அக்கா, இந்த மரத்துல என் ஆளுங்க ஏற மாட்டாங்க” என்றான் குகன்.

“ஏன்? ஏணி இருக்கு, கயிறு இருக்கு, ரம்பம் இருக்கு. வேற என்ன வேணும்?”

“அதைப் பாருங்க.”

தாரா பார்த்தாள். போர்ட் கிள்ளான் சாலையோரத்தில் நின்ற அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அடியில் எலுமிச்சம்பழம், ஒரு சின்னச் சூலம். யாரோ ஒரு சீனர் ஆரஞ்சுப் பழமும் ஊதுபத்தியும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“இதைக் கட்டினது யாரு?”

“அந்தத் தேத்தண்ணிக் கடை ஆன்டி. இராஜம்மா.”

தாராவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பிரிக்பீல்ட்ஸில் உள்ள மர ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்திருந்தாள். எந்த மரத்தை வைக்கலாம், எதை வெட்டலாம் என்று சொல்வது அவள் வேலை. சாமி குடியிருக்கும் மரத்தை என்ன செய்வது என்று அவள் படித்த படிப்பில் இல்லை.

அங்கே எல்லாரும் மெதுவாகத்தான் பேசினார்கள். நிழல் முழுக்க லோரிகள். துறைமுகத்தில் இரவு வேலை முடித்த ஓட்டுநர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜன்னல் வழியே இரண்டு பாதங்கள் வெளியே நீட்டியிருந்தன. இளஞ்சிவப்புப் பூக்கள் பஞ்சு பஞ்சாக, ஓசையில்லாமல் அந்தப் பாதங்களின் மேல் உதிர்ந்தன. வெயில் இலைகளுக்குள் புகுந்து, பச்சைத் தண்ணீர் மாதிரி கீழே இறங்கியது. கொஞ்ச நேரம் நின்றால் யாருக்கும் கண் சொக்கிவிடும்.

தாரா ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தாள். எங்கும் பொந்துச் சத்தம் இல்லை. அடிமரம் திடமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். லோரிகளுக்கு நேர் மேலே ஒரு கிளை மட்டும் பட்டுப்போய், காளான் பூத்து நின்றது.

“குகன், அந்தக் கிளை இன்னைக்கே இறங்கணும். மழைக்காத்து அடிச்சா விழுந்துடும். கீழ ஆளுங்க தூங்கறாங்க.”

“புரியுதுக்கா. ஆனா துணி கட்டியிருக்கே! நில முதலாளி கார் நிறுத்த இடம் வேணும்னு மொத்த மரத்தையும் வெட்டத்தான் பார்த்தாரு. போன மாசம் வந்த கான்ட்ராக்டர் துணியைப் பார்த்துட்டு லோரியை விட்டே இறங்கல. மரம் ஆபத்துன்னு நீங்க எழுதிக் கொடுத்தா வேற ஆளைப் பிடிக்கலாம்னு இருக்காரு.”

“நல்லா இருக்கிற மரத்தை ஆபத்துன்னு நான் எப்படி எழுதறது?”

தாரா நேராகக் கடைக்குப் போனாள்.

“ஆன்டி, மரத்துல இருக்கிற துணியை அவிழ்க்கணும்.”

இராஜம்மா தேநீரை ஆற்றிக்கொண்டே, “முடியாதும்மா. அவிழ்த்தா மொத்தமா வெட்டிடுவாங்க” என்றாள்.

கடை முன்னால் கூட்டம். சாமி இருந்தால் கும்பிட ஆள் வரும், ஆள் வந்தால் தேத்தண்ணி விற்கும். நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்தாள் தாரா. வாய் சும்மா இருக்கவில்லை.

“சாமி பேரைச் சொல்லி வியாபாரம் நல்லா நடக்குது போல. மேல ஒரு கிளை பட்டுப்போய் நிக்குது. யார் தலையிலாவது விழுந்தா உங்க சாமி வந்து தாங்குமா?”

இராஜம்மா கோபப்படவில்லை. கிளையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஜன்னலில் நீட்டியிருந்த பாதங்களைப் பார்த்தாள். ஆற்றிய கை நின்றுவிட்டது.

“அது ஒண்ணு மட்டும்தானாம்மா?”

“ஒண்ணே ஒண்ணுதான். மரம் நல்லா இருக்கு, வெட்டக்கூடாதுன்னுதான் எழுதப் போறேன்.”

பின்னாலேயே வந்திருந்த குகன் இடையில் புகுந்தான். “ஆன்டி, துணி இருந்துட்டுப் போகட்டும்லா. நீங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டு உத்தரவு வாங்கிக் கொடுங்க. என் ஆளுங்க ஏறிடுவாங்க.”

இராஜம்மா கையைத் துடைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். கண்களை மூடினாள். உதடுகள் மட்டும் அசைந்தன. காற்று வந்தது. அவள் தலையில் பூக்கள் இறங்கி உட்கார்ந்தன. லோரிக்குள் யாரோ பெருமூச்சு விட்டுப் புரண்டு படுத்தார்கள். தாராவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இராஜம்மா கண்ணைத் திறந்தாள். “உத்தரவு ஆச்சு. அந்தக் கிளை மட்டும்தான். வேற ஒரு இலையைத் தொட்டாக்கூட இரத்தம் கக்குவீங்கன்னு சொல்லுது.”

குகன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான்.

ஓட்டுநர்களை எழுப்பி லோரிகளை நகர்த்தினார்கள். குகனின் ஆட்கள் ஏறினார்கள். பட்ட கிளை கயிற்றில் ஆடி ஆடி, தொட்டிலை இறக்குவது போல இறங்கியது. லோரிகள் நிழலுக்குத் திரும்பின. சற்று நேரத்தில் மறுபடியும் குறட்டைச் சத்தம்.

தாரா தேநீர் வாங்கிக்கொண்டு தயங்கி நின்றாள். “நான் பேசினது தப்பு ஆன்டி. இந்த மரத்து மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு பிரியம்?”

“என் வீட்டுக்காரரும் லோரிதான் ஓட்டினாரு. நிறுத்தித் தூங்க ஒரு நிழல் இல்லாம, தூக்கத்தோடயே ஓட்டிட்டாரு.”

தாராவுக்கு அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஆன்டி, மரத்துக்கிட்ட கேட்டீங்களே, சாமி நிஜமாவே பேசுச்சா?”

இராஜம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் துணி மட்டும்தாம்மா கட்டினேன். மத்ததெல்லாம் ஜனங்க கொண்டுவந்து வச்சது.”

“அப்போ கண்ணை மூடி என்ன கேட்டீங்க?”

“ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல முன்வரிசையில நிக்கிறவம்மா நான். ‘இந்தப் பொய்யையும் மன்னிச்சிடுங்க ஏசப்பா’ன்னு கேட்டுட்டு வந்தேன்.”