டிவட் டிபார்ட்மென்ட்

“டிவட் டிபார்ட்மென்ட்டுல பென்ஷன் உண்டாபா?” என்று கேட்டார் பெண்ணின் அப்பா துரைக்கண்ணு.

பெண் பார்க்க வந்திருந்த ஏகாம்பரம் கேசரித் தட்டைக் கீழே வைத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மாமன் முனிசாமி விட்டத்தைப் பார்த்தார். எல்லாம் அவர் பார்த்த வேலை.

மெட்ராஸில், கிண்டிப் பக்கம் பெரிய மனிதர்கள் கோல்ஃப் ஆடும் மைதானம் ஒன்றில் ஏகாம்பரம் இருந்தான். அங்கே என்ன வேலை என்று மாமன் ஒருநாள் விசாரித்தபோது, டிவட் பார்க்கிற வேலை என்று சொல்லிவைத்தான். மாமன் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அதன் வாலில் ஒரு டிபார்ட்மென்ட்டையும் கட்டி பெண்ணின் ஊரான ஐயம்பேட்டை வரை ஓட்டிவந்துவிட்டார்.

பெண் பார்க்க வருவதற்குள் நெசவுத் தெரு முழுக்க அது சர்க்கார் உத்தியோகம் ஆகியிருந்தது. ரயில்வேயைவிட ஒரு படி மேல் என்றுகூட யாரோ சொன்னார்களாம்.

துரைக்கண்ணுவையும் குறை சொல்ல முடியாது. பட்டு நூல் விலை ஏறினால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும். மகளாவது மாதச் சம்பளக்காரன் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தார்.

உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம் நிச்சயம். அதைச் சொல்லச் சொல்லித்தான் மாமன் அவன் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

ஆனால் சற்றுமுன் காபி கொண்டுவந்த கலாவதியை ஏகாம்பரத்துக்கு ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. பிடிக்காத இடமாக இருந்திருந்தால் கூசாமல் பொய் சொல்லியிருப்பான்.

“டிபார்ட்மென்ட்டெல்லாம் இல்ல மாமா. புல்லு வேலை” என்றான்.

பிறகு விளக்கினான். கழியை ஓங்கிப் பந்தை அடிக்கும்போது, பந்தோடு சேர்ந்து தரையிலிருந்து கொஞ்சம் புல்லும் வேரும் மண்ணுமாகப் பெயர்ந்து பறக்கும். குட்டித் தோசை அளவு இருக்கும். அதுதான் டிவட். அது பெயர்ந்த இடத்தில் விழுகிற பள்ளத்துக்கும் அதே பெயர்தான். அடித்தவர் பந்துக்குப் பின்னால் போய்விடுவார். இவன் ஓடிப்போய்த் துண்டை எடுத்துவந்து, பள்ளத்தில் பொருத்தி, மெல்ல மிதித்துவிட வேண்டும். உடனே வைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும். வெயிலில் கிடந்தால் காய்ந்து போகும். தறியில் இழை அறுந்தால் அப்போதே முடிபோட்டுவிடுவதில்லையா, அந்த மாதிரிதான் என்றான்.

அதுவரை கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த வளையல் சத்தம் நின்றுபோனது. பெண் எழுந்து போய்விட்டாள், இனி இங்கே வேலையில்லை என்று மாமன் முடிவு கட்டினார்.

துரைக்கண்ணு யோசித்தார். அது என்ன புல் என்று மட்டும் கேட்டார். அருகம்புல் என்றான்.

“புள்ளையாருக்கு வெக்கிறதப் போயி கால்ல மிதிக்கிறீங்களா?”

அதோடு பேச்சு படுத்துவிட்டது. துரைக்கண்ணு வெற்றிலைத் தட்டை முன்னால் நகர்த்தி, சொல்லி அனுப்புகிறோம் என்றார். பெண் வீட்டில் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பஜ்ஜி சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும்.

வெற்றிலையையாவது விடுவானேன் என்று மாமன் நிதானமாக மென்று முடித்தார். பிறகுதான் இருவரும் கிளம்பினார்கள்.

வாசல் தாண்டியதும் மாமன் வாயைத் திறந்தார். அரிசியில் கல் பொறுக்குவதுபோல இடம் தேடிப் பிடித்தால், கேட்காத உண்மையை எல்லாம் எடுத்து விடுகிறானே, இவனுக்கு எந்த ஜென்மத்தில் பெண் கிடைக்கும் என்று ஆரம்பித்தார். ஏகாம்பரத்துக்கு அழுகை வரும்போல இருந்தது.

வீட்டை ஒட்டி, மர நிழலில் ஒரு புல்தரை. காலை நேரத்தில் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு போடும் இடம். அதன் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு புல்துண்டு கவிழ்ந்து கிடந்தது. பக்கத்திலேயே பள்ளம்.

மாமன் அதைத் தாண்டிப் போனார். ஏகாம்பரமும் தாண்டினான். இந்தப் புல்லால்தானே வந்த பெண் போயிற்று என்று ஆத்திரமாக இருந்தது. விறுவிறுவென்று மரத்தடி வரை நடந்தான்.

அப்புறம் திரும்பி வந்தான்.

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினான். துண்டை நிமிர்த்திப் பள்ளத்தில் வைத்து, ஓரங்களை விரலால் அழுத்தினான். துரைக்கண்ணு சொன்னது நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளையாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வெறுங்காலால் மெல்ல மிதித்தான்.

பஸ் வருகிற நேரம் என்று மாமன் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. துரைக்கண்ணு. மேல்துண்டு ஒரு தோளிலிருந்து தரை வரை தொங்கியது.

“மாப்ள, நில்லுங்க. பென்ஷன் இல்லாட்டி போவுதுன்னு பொண்ணு சொல்லுது.”

மாமனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. துரைக்கண்ணுவுக்கும் ஒன்றும் விளங்கியதாகத் தெரியவில்லை. மகள் எங்கிருந்தோ மூச்சிரைக்க வந்து நின்றாள், இவர்தான் எனக்கு என்றாள், அவ்வளவுதான் தனக்குத் தெரியும் என்றார்.

ஏகாம்பரம் குனிந்து காலடியைப் பார்த்தான்.

வரும்போது இந்தத் துண்டு இங்கே கிடக்கவில்லை. மாடு மிதித்துப் பெயர்ந்திருந்தால் ஓரம் பிய்ந்திருக்கும். இது நாலு பக்கமும் நேராக வெட்டிய துண்டு. மண் இன்னும் ஈரமாகவே இருந்தது.

நிமிர்ந்தான். வீட்டுக் கொல்லைப் பக்கமாகக் கலாவதி நின்றிருந்தாள்.

புல் கொத்தும் களைக்கொட்டைப் பட்டுப்புடவை முந்தானைக்குள் மறைத்துவிட்டாள். விரல்களில் இருந்த மண்ணைத்தான் மறந்துவிட்டாள்.